பாலாற்றுப் பெருமூச்சு

ஏப்ரல் 26

அம்சவேணி இன்று காலை பெங்களூர் பஸ் ஏறினாள். மகள் சிந்துஜாவுக்கு மே இரண்டாவது வாரம் பிரசவம். முறைப்படி சிந்துஜாதான் தாய்வீட்டுக்கு, அதாவது வேலூருக்கு, வந்திருக்க வேண்டும். "அப்பா, கோச்சுக்காதீங்க. கத்திரி வெயில்ல வேலூர்ல பெத்தா குழந்தை வறுபட்டுதான் வெளிய வரும்" என்று போனில் சொல்லிவிட்டாள்.

தாலுகா ஆபீசில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். என் ஊரை என் காதுபட யாரும் இப்படிப் பேசியதில்லை. பேசியவள் பெற்ற மகளாகப் போய்விட்டாள்.

பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அம்சவேணியிடம் கேட்டேன். "தொட்டில் போடறதாவது நம்ம வீட்டுல வெச்சிக்கலாம் இல்ல?"

"பால்கனில என் குண்டுமல்லி இருக்குது. கத்திரி முடியற வரைக்கும் அத காப்பாத்திக் காட்டுங்க. செடி பொழைச்சா ஜூன்ல குழந்தைய கூட்டிக்கினு வரேன். செடிக்கே தாங்கலன்னா பச்சக் குழந்தைக்கு எப்படிங்க தாங்கும்? ஏற்கெனவே மூணு செடிய மேல அனுப்பி வெச்சிட்டீங்க."

ரோஜா, துளசி, கற்றாழை. மூன்றும் இயற்கை மரணம். கற்றாழை செத்தது எனக்கே ஆச்சரியம்தான். ஆனால் இயற்கையை யார் தடுக்க முடியும்?

"இன்னொண்ணு. நான் இல்லன்னு ஏசி கீசி வாங்கி மாட்டிடாதீங்க. அந்தக் காத்து பட்டா உங்களுக்கு இளைப்பு வரும்னு டாக்டர் சொல்லிக்கிறாரு."

தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்பது பஸ் கிளம்பிய வேகத்தில் அவளுக்குத் தெரிந்திருக்காது.

ஏப்ரல் 28

ஒரு குறிப்பு. இந்த நாட்குறிப்பை அம்சவேணி படிக்கிறாள். ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை, ஆனால் போன மார்ச் மாதப் பக்கங்களில் தோசை மாவு காய்ந்திருக்கிறது. எனவே இன்றைய விஷயத்தைக் கொஞ்சம் மூடித்தான் எழுத வேண்டும்.

இன்று வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்திருக்கிறார். இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். சுவரில் ஓட்டை போட்டு, அவருடைய முன்பாதியைப் படுக்கையறையிலும் பின்பாதியைப் பால்கனியிலும் வைத்தார்கள். நடுவில் ஒரு குழாய். வெள்ளை நிறம். குளிர்ந்த சுபாவம். ரிமோட்டில் சொன்னால் கேட்பார். இதற்கு மேல் எழுதமாட்டேன்.

இவரை எனக்காக வரவழைக்கவில்லை. குழந்தை வரும்போது அந்த அறை ஊட்டி மாதிரி இருக்க வேண்டும். சிந்துஜா வாசலில் நின்று, "அப்பா, நம்ம வீடா இது?" என்று கேட்க வேண்டும். அது ஒன்றுதான் என் ஆசை. அதுவரை விருந்தாளி சரியாக வேலை செய்கிறாரா என்று யாராவது சோதித்துப் பார்க்க வேண்டும். வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.

மாட்டிய மெக்கானிக் சம்பத் போகும்போது சொன்னான்: "சார், பின்னாடி பொட்டி அனலா ஊதும். எதிர்க்க எதுவும் வெக்காதீங்க. மூடிகீடி வெச்சிடாதீங்க, காத்தோட்டமா உடுங்க, இன்னா?"

சரி சரி என்றேன். அவன் போனதும்தான் கவனித்தேன், பின்பாதி தெருவிலிருந்து பளிச்சென்று தெரிகிறது. தெருவில் அம்சவேணியின் கோயில் தோழிகள் நாலு பேர் இருக்கிறார்கள். நாலு பேருக்கும் செல்போன் இருக்கிறது. உடனே கடைக்கு ஓடி, நர்சரியில் கட்டுவார்களே, அந்தப் பச்சை வலையை வாங்கி வந்து பால்கனி முழுக்கக் கட்டினேன். குண்டுமல்லித் தொட்டியையும் வலைக்குள் இழுத்து, விருந்தாளிக்கு நேர் எதிரில் வைத்தேன். அவருக்கு மறைவு, செடிக்கு நிழல். ஒரே வலையில் இரண்டு வேலை.

ஏப்ரல் 30

எங்கள் மலர்வனம் குடியிருப்பின் சங்கச் செயலாளர் வேதகிரி வந்தார். வருடா வருடம் கத்திரியில் மோர்ப் பந்தலும் பட்டிமன்றமும் நடத்துவார். நடுவரும் அவரே. மே 20 மாலை. தலைப்பு: 'புவி சூடாவதற்குக் காரணம் மனிதனா, இயற்கையா?'

"மனிதனே அணிக்கு ரெண்டாவது மாடி எஸ்தர் டீச்சர் தலைமை. இயற்கையே அணிக்கு ஆளே கிடைக்கல சார். நீங்க நல்லா அடிச்சு பேசுவீங்க" என்றார்.

எஸ்தர் டீச்சர் எங்களுக்கு நேர் மேல் வீடு. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் எடுப்பவர். அதனால் என்ன? நான் ஒப்புக்கொண்டேன். இது எனக்கு வெறும் மேடைப்பேச்சு இல்லை. வெயில் இயற்கையின் வேலை என்று நிரூபித்துவிட்டால் என் ஊர் மேல் பழி இல்லை. அந்த வீடியோவை அப்படியே சிந்துஜாவுக்கு அனுப்பிவிடலாம்.

மே 2

பட்டிமன்றத்துக்குப் புள்ளிவிவரம் வேண்டும். தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, பச்சை வலையில் செடிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். பதிவேட்டில் தேதி, நேரம், அளவு, கையொப்பம் என்று கட்டம் போட்டாயிற்று.

அடுப்பில் பால் பொங்கிவிட்டது. இயற்கை.

மே 4

கத்திரி தொடக்கம். காலை 6 மணிக்கு 29. மதியம் 2 மணிக்கு 41. மாலை 7 மணிக்கு 47.

மாலை ஏழு மணிக்கு நாற்பத்தேழு! சூரியன் விழுந்து அரைமணி ஆகிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அதே 47.

சிக்கனம் கருதி விருந்தாளிக்கு மாலை ஆறு முதல் எட்டு வரைதான் டியூட்டி போட்டிருக்கிறேன். அந்த அதிர்ச்சியில் அவரைப் பதினெட்டில் வைத்து, கட்டிலில் படுத்து அரைமணி யோசித்தேன். திரும்பிப் போய்ப் பார்த்தால் 49! நான் யோசிக்க யோசிக்க வெளியே சூடு ஏறுகிறது.

மே 5

கண்டுபிடித்துவிட்டேன்.

எங்கள் பால்கனி பாலாற்றைப் பார்த்தது. பாலாற்றில் தண்ணீர் இல்லை, மணல். அந்த மணல் பகலெல்லாம் வெயிலைக் குடிக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் அதை வெளியே விடுகிறது. இன்று சரியாக 6.10க்கு ஏறத் தொடங்கி, 8.15க்கு இறங்கிவிட்டது. மனிதனுக்கு இதில் ஏதாவது பங்கு உண்டா? ஒரு துளிகூட இல்லை. முழுக்க முழுக்க இயற்கைச் சுழற்சி.

இதற்குப் 'பாலாற்றுப் பெருமூச்சு' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

மே 7

மாலை ஆறரைக்குப் பால்கனியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். எஸ்தர் டீச்சர் தன் பால்கனிக் கம்பிமேல் தட்டுத் தட்டாகக் கூழ்வடாம் பரப்பிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், பொழுது போன அப்புறம் யாராவது வடாம் காயவெப்பாங்களா?"

"சாயங்காலம்தான் சார் மொறுமொறுன்னு காயுது. ஆறு மணியிலருந்து எட்டு மணி வரைக்கும் கீழருந்து அருமையா காத்து வருது. எல்லாம் உங்க புண்ணியம்."

எதிரணித் தலைவியே என் கோட்பாட்டுக்குச் சாட்சி! என்றைக்கு எத்தனை மணிக்கு வடாம் காய்கிறது என்று குறித்துவைக்க முடியுமா என்று கேட்டேன்.

"முதல் நாளிலருந்தே குறிச்சு வெச்சிருக்கேன் சார்" என்றார். ஏன் அப்படிச் சிரித்தார் என்று தெரியவில்லை. சுபாவம் அப்படி.

மே 9

பேத்தி பிறந்தாள். காலை 9.40. தாயும் சேயும் நலம். போட்டோ வந்தது. மூக்கு என்னுடையது. கண்ணிலெல்லாம் வியர்த்துவிட்டது. இன்று அளவு எதுவும் எடுக்கவில்லை.

மே 10

செடியில் பதினேழு இலை உதிர்ந்திருக்கிறது. ஓரமெல்லாம் சுருண்டு, பொரித்த கறிவேப்பிலை போல நொறுங்குகிறது. காலையும் மாலையும் ஒவ்வொரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறேன். மாலை ஊற்றும் தண்ணீர் எட்டு மணிக்குள் காய்ந்துவிடுகிறது. பாலாறு பொல்லாத ஆறு.

எனக்குத் தும்மல். பருவ மாற்றம்.

மே 12

மாலை ஐந்து முதல் ஒன்பது வரை கரண்ட் இல்லை. ஏழு மணி அளவு: 34. விசித்திரம்! இன்று பெருமூச்சே வரவில்லை. இயற்கை என்றால் ஏற்ற இறக்கம் இருக்கத்தானே செய்யும்? பதிவேட்டில் 'பாலாறு விடுப்பு' என்று எழுதினேன்.

மேலே டீச்சர் யாரிடமோ, "இன்னைக்கு வடாம் காயல" என்று சொல்வது கேட்டது.

மே 14

செடியில் இன்னும் முப்பது இலைகூட இல்லை. பயமாக இருக்கிறது. இந்தச் செடி போனால் அம்சவேணி வர மாட்டாள், அவள் வராவிட்டால் குழந்தையும் வராது. பேத்தியை முதன்முதலாக யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் விருந்தாளியாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். (நிஜ விருந்தாளியைச் சொல்கிறேன்.)

தீர யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். விருந்தாளியின் குளிர்ச்சியைச் செடிக்கும் கொடுக்க வேண்டும். படுக்கையறை ஜன்னலை இரண்டு விரற்கடை திறந்துவைத்து, விருந்தாளியைப் பதினாறில் போட்டு, இனி இருபத்து நாலு மணி நேரமும் டியூட்டி என்று உத்தரவிட்டேன்.

மே 15

இன்று பெருமூச்சு காலையிலிருந்தே தொடங்கிவிட்டது. மதியம் 2 மணிக்கு 54. தெர்மாமீட்டரில் அதற்கு மேல் நாலு கோடுதான் பாக்கி. உலகம் எங்கே போகிறது?

மே 16

அம்சவேணி வீடியோவில் கூப்பிட்டாள். தொட்டில் துணிக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்து, காற்றைப் பிடித்துப் பார்த்துவிட்டு உள்ளே போனது. போதும் எனக்கு.

பிறகு, "செடிய காட்டுங்க" என்றாள்.

சிக்னல் சரியில்லை, பத்து நிமிடம் கழித்துக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டாம் மாடிக்கு ஓடினேன். டீச்சர் வீட்டிலும் குண்டுமல்லி உண்டு, அவர் சமையலறை ஜன்னல் பக்கம் வைத்து வளர்க்கிறார்.

"டீச்சர், ஒரு அஞ்சு நிமிஷம் உங்க செடிய குடுங்க. திருப்பிக் குடுத்துடறேன்."

"எதுக்கு சார்?"

"ஆராய்ச்சிக்கு."

அவர் என்னையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க செடி எப்படி இருக்குது?"

"இயற்கையோட போராடிக்கினு இருக்குது."

எதிரணிக்காரியிடமிருந்து தொட்டியை வாங்கி, படியில் இறக்கி, கூடத்தில் வைத்துக் காட்டினேன். அம்சவேணி ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லா பூத்துக்குதே" என்றாள். தப்பித்தேன்.

ஆனால் நன்றாக இல்லை. முப்பத்து மூன்று வருடத்தில் அவளிடம் நான் சொன்ன பொய்களெல்லாம் சில்லறைப் பொய்கள். இது அப்படியில்லை.

மே 19

நாளை பட்டிமன்றம். அட்டையில் வரைபடம் தயார். சிவப்பு மையில் பெருமூச்சு. செடியில் ஒன்பது இலை. மூக்கில் ஓயாத ஒழுக்கு. நெஞ்சில் விசில் சத்தம், பருவ மாற்றம்தான்.

மே 21

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குடியிருப்பின் நடு வாசலில் பந்தல். எழுபது பேர் இருப்பார்கள். ஆளுக்கொரு டம்ளர் மோரும் பொரித்த வடாமும் கொடுத்தார்கள். வடாம் பிரமாதம். நான் பதினோரு வடாம் சாப்பிட்டேன். வேதகிரி நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து, சில்வர் டம்ளரை ஸ்பூனால் தட்டித் தொடங்கிவைத்தார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

என் பேச்சு அபாரம். இதில் தன்னடக்கம் பார்க்க முடியாது.

"நடுவர் அவர்களே! பனியுகம் வந்தபோது எந்த மனிதன் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்தான்? அது உருகியபோது எந்த மனிதன் அடுப்பைப் பற்றவைத்தான்? டைனோசர் எந்தப் பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்றது?" என்று கேட்டேன். கைதட்டலில் பந்தல் ஆடியது. அப்புறம் வரைபடத்தை விரித்தேன். பாலாற்றுப் பெருமூச்சைப் பதினாறு நாள் ஆதாரத்தோடு விளக்கினேன். "எங்கள் ஊர் வெயிலுக்கு எங்கள் ஊர் பொறுப்பில்லை. என் மகளே, கேட்டுக்கொள்!" என்று முடித்தேன். வேதகிரி டம்ளரைத் தட்ட மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

எஸ்தர் டீச்சர் எழுந்தார். கையில் ஒரு பழைய நோட்டும் வடாம் டப்பாவும்.

"தணிகாசலம் சார் சொன்ன மாதிரி பனியுகம் வந்துது, போச்சு. இயற்கையாதான். யாரும் இல்லன்னு சொல்லல. ஆனா அது உருக கிட்டத்தட்ட பத்தாயிரம் வருஷம் ஆச்சு. இப்ப சூடு ஏறுற வேகம் நூத்தம்பது வருஷக் கணக்கு. சூரியன்தான் காரணம்னா வானத்துல மேல் அடுக்கும் சேந்து சூடாகணும். அளந்து பாத்தா அங்க குளிருது, கீழ மட்டும் சுடுது. கம்பளி போத்தின மாதிரி. நிலக்கரியும் பெட்ரோலும் எரிச்சு நாமே நெய்த கம்பளி அது."

கூட்டம் மரியாதையாகக் கேட்டது. என் பேச்சுக்கு வந்த கைதட்டல் வரவில்லை. நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

"சரி, இப்ப பாலாத்துக்கு வரேன். நீங்க எல்லாரும் சாப்பிட்ட வடாம் எப்படி?"

"சூப்பர் டீச்சர்!"

"அது வெயிலே படாத வடாம். சாயங்காலம் ஆறுலருந்து எட்டுக்குள்ள காஞ்சது. சார், மே பன்னண்டாம் தேதி உங்க அளவு எவ்வளவு?"

"முப்பத்து நாலு" என்றேன்.

"அன்னைக்கு எனக்கு வடாம் காயல. அன்னைக்கு கரண்டும் இல்ல. கரண்ட் போனா பாலாறு மூச்சு விடாதா சார்?"

யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள்.

"பதினாலாம் தேதியிலருந்து எனக்கு ராவும் பகலும் வடாம் காயுது. நாலு கிலோ போட்டுட்டேன். சார் வீட்டு பால்கனில, பச்சை வலைக்குப் பின்னாடி..."

"ஏசி!" என்று கூட்டத்திலிருந்து எழுபது குரல்கள் கத்தின. ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான்.

டீச்சர் கையமர்த்தினார். "சிரிக்காதீங்க. ஒரு பால்கனிய வெச்சு உலகத்த நிரூபிக்க முடியாது. அவராலயும் முடியாது, என்னாலயும் முடியாது. அதுக்கு ஆயிரக்கணக்கான இடத்துல அளந்து வெச்சிருக்காங்க. நான் சொல்றது வேற. சார் பதினாறு நாள் கண்ணும் கருத்துமா அளந்தாரு. ஒரு அளவும் தப்பில்ல. அனல் எங்கருந்து வருதுன்னு மட்டும் திரும்பிப் பாக்கல. ஆத்துமேல போட்டாரு. நாம எல்லாரும் அதான் செய்யறோம்."

கைதட்டல் எழுந்தது. எனக்கு அது காதில் விழவில்லை. சம்பத் சொன்னது மட்டும் கேட்டது. எதிர்க்க எதுவும் வெக்காதீங்க. நான் என் கையாலேயே அந்தத் தொட்டியை இழுத்து, நேர் எதிரில் வைத்து, சுற்றிலும் வலை கட்டி, ஓடவும் வழியில்லாமல் செய்து, பத்தாததற்கு இருபத்து நாலு மணி நேரம்...

"ஐயோ, அம்சா செடி!" என்றேன். கையில் மைக் இருந்தது. அதோடேயே ஓடினேன். வயர் மாடிப்படி வரைக்கும்தான் வந்தது.

பொன்னாடை கழுத்தில் தொங்க, மூச்சு இளைக்க, பால்கனிக்குப் போனேன். வலையைப் பிய்த்தேன். விருந்தாளியை நிறுத்தினேன். செடியில் நாலே நாலு இலை. தொட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோய் வைத்தேன். உட்கார்ந்து அழுதேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, அழுதேன்.

எஸ்தர் டீச்சர் பின்னாலேயே வந்துவிட்டார். குனிந்து தண்டை நகத்தால் லேசாகக் கீறினார்.

"பாருங்க சார். உள்ள இன்னும் பச்சை இருக்குது."

"நெஜமாவா?"

"நெஜமா. காஞ்ச குச்சிய வெட்டிடலாம். நிழல்ல வைங்க, நேரம் தவறாம தண்ணி ஊத்துங்க. நான் முன்னாடியே உங்ககிட்ட நேரா சொல்லிருக்கணும் சார். பட்டிமன்றத்துக்குன்னு பொத்தி வெச்சிட்டேன். அந்தச் செடி இந்தக் கோலத்துல இருக்கும்னு நெனைக்கல. தப்பு என் பேர்லயும் இருக்குது."

கீழே ஒலிபெருக்கியில் வேதகிரியின் தீர்ப்பு கேட்டது. வருடா வருடம் 'இரண்டுமே' என்று எழுதிக்கொண்டு வருபவர், இந்த முறை காகிதத்தை மடித்து வைத்துவிட்டார் போல. "உலகத்தோட சூட்டுக்கு மனுஷன்தான் காரணம். மலர்வனத்தோட சூட்டுக்குத் தணிகாசலம் சார் காரணம். மோர் இன்னும் பாக்கி இருக்குது, வாங்கிக்குங்க."

மே 22

விருந்தாளி ஓய்வெடுக்கிறார். பட்டிமன்றத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவருக்கு மூட்டுவலி.

மாலை 7 மணி அளவு: 35. பாலாறு திருந்திவிட்டது.

மே 24

ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கூடத்தில் படுத்திருக்கிறேன். செடி குளியலறை ஜன்னலடியில். காலை ஐந்தரைக்கு ஒரு சொம்பு, மாலை ஆறுக்கு ஒரு சொம்பு. குளிக்கும்போது தண்ணீர் தெறிக்கக் கூடாதென்று நான் வாளியோடு ஓரத்தில் ஒண்டிக்கொண்டு குளிக்கிறேன்.

நெஞ்சில் விசில் நின்றுவிட்டது. பருவம் மாறிவிட்டது போல.

மே 28

கத்திரி முடிந்தது. நாலு இலையில் மூன்று விழுந்தன.

ஜூன் 1

தளிர்!

ஜூன் 3

மூன்று தளிர். மேற்படி தளிர்களை எஸ்தர் டீச்சர் நேரில் பார்வையிட்டு உறுதி செய்தார். பதிவேட்டில் அவருடைய கையொப்பமும் வாங்கிவிட்டேன். நாலு கிலோ வடாமில் ஒரு கிலோவை எனக்குக் கொடுத்தார். "உங்க உற்பத்திதானே சார்" என்றார்.

ஜூன் 5

நிர்வாகக் காரணங்களுக்காக விருந்தாளியின் பின்பாதியை மொட்டை மாடிக்கு இடமாற்றம் செய்து உத்தரவிட்டேன். சம்பத் வந்து மாற்றினான். "நான் அன்னைக்கே இன்னா சொன்னேன் சார்?" என்று ஆறு தடவை கேட்டான். ஆறு தடவையும் நான் குண்டுமல்லிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன்.

ஜூன் 8

அம்சவேணி வீடியோவில் கூப்பிட்டாள். இம்முறை நானே, அவள் கேட்பதற்கு முன்னால், செடியைக் காட்டினேன். இந்தச் செடியை. மொட்டைக் குச்சி, இருபத்தோரு சின்ன இலை.

"பூவெல்லாம் எங்க போச்சு?" என்றாள்.

"அது வேற செடி அம்சா. நான் பொய் சொல்லிட்டேன். இதுதான் உன்னுது. செத்துப் பொழைச்சிக்குது."

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ முனகியது.

"வெள்ளிக்கிழமை வரோம். தொட்டில் கம்பிய தொடச்சி வைங்க" என்றாள்.

ஜூன் 12

வந்துவிட்டார்கள்! எழுத நேரமில்லை. பேத்தி என் தோளில் தூங்குகிறாள். ஒரு கையால் எழுதுகிறேன்.

அம்சவேணி படுக்கையறைக்குள் போனாள். சுவரில் விருந்தாளியைப் பார்த்தாள். நேராகக் குளியலறைக்குப் போய்ச் செடியைப் பார்த்தாள். குனிந்து இலைகளை எண்ணினாள். சிந்துஜா குளியலறை வாசலிலேயே நின்று, "அப்பா, நம்ம வீட்டுக் குளியலறைல மல்லி எதுக்குப்பா?" என்றாள். நான் எதிர்பார்த்த கேள்வி இதுவல்ல. இருந்தாலும் இதுவும் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 14

காலையில் தொட்டில் போட்டோம். வேதகிரி வாழ்த்துரை வழங்கினார், டம்ளரைப் பிடுங்கிய பிறகுதான் நிறுத்தினார். எஸ்தர் டீச்சர் ஒரு டப்பா வடாமோடு வந்தார். குழந்தைக்காக விருந்தாளி இருபத்தாறில், பக்குவமாக.

விடியற்காலையில் தண்ணீர் ஊற்றப் போனபோது பார்த்தேன். செடியில் ஒரே ஒரு மொட்டு, நேற்றுவரை பட்டாணி போல இறுகிக்கிடந்தது, முழுதாக விரிந்திருந்தது. அம்சவேணியிடம் கொடுத்தேன். ஒரு பூவை எப்படிக் கட்டுவது? நூலில் கோத்துத் தொட்டில் கம்பியில் தொங்கவிட்டாள். குழந்தை அதன் பக்கம் கையை ஆட்டியது.

செத்த செடி எப்படிப் பூத்தது என்று சிந்துஜா கேட்டாள். இயற்கையம்மா, இயற்கையை யார் தடுக்க முடியும் என்றேன்.

இதே நாள், வேறு கை

முப்பத்து மூணு வருஷமா படிக்கிறேன், இன்னைக்குத்தான் எழுதறேன். நீங்க காட்டின செடி நீலத் தொட்டியில இருந்துச்சு. என் தொட்டி சிவப்பு. விருந்தாளி வந்த அன்னைக்கே கோயில் தோழிங்க நாலு பேரும் போட்டோ அனுப்பிட்டாங்க. ராத்திரி அவர இருபத்தாறுக்குக் கீழ இறக்காதீங்க, உங்க நெஞ்சு தாங்காது.

ஒண்ணே ஒண்ணு மட்டும் திருத்தறேன். ரோஜா, துளசி, கற்றாழை எல்லாத்தையும் இயற்கை மேல போட்டீங்க, பொறுத்துக்கிட்டேன். இந்தப் பூவையும் போடாதீங்க. தினமும் அஞ்சரை மணிக்கு எழுந்து தண்ணி ஊத்தினது நீங்க. இது உங்க வேலை.

அம்சவேணி